கடை வாடகைக்குள் இருக்கும் வாக்குரிமை

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு பிரதான வீதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா ஒருவர் போன வருடம் கணக்கு முடிக்க என்னிடம் வந்தார். ரசீதுகளோடு, கட்டட உரிமையாளர் அனுப்பிய ஆண்டிறுதிக் கணக்கும் இருந்தது. ரி.எம்.ஐ. என்று நம் கடைக்காரர் எல்லோரும் சொல்லும் கணக்கு அது: சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி. சொத்து வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'பி.ஐ.ஏ. அறவீடு' என்று ஒரு தொகை.

"தம்பி, இதென்ன காசு? ஏழு வருசமாக் கட்டிறன், என்னெண்டு ஆரும் சொன்னதில்லை."

நான் கணக்காளராக வேலை தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களுக்கு ஆறுதலாக, "செலவில் காட்டலாம், வருமான வரியில் கழியும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அந்தத் தொகையைக் கட்டுகிறவருக்கு ஒரு வாக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் என் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

பி.ஐ.ஏ. என்பது வர்த்தக மேம்பாட்டுப் பகுதி. ஒரு வீதியில் உள்ள கடைகள் சேர்ந்து, பூச்சாடி வைப்பது, விளக்கு அலங்காரம் செய்வது, தெருவிழா நடத்துவது, விளம்பரம் கொடுப்பது போன்றவற்றுக்குப் பணம் போடும் ஏற்பாடு. உலகின் முதல் பி.ஐ.ஏ. 1970இல் ரொறன்ரோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜில் பிறந்தது. பெரிய மோல்கள் வந்தன, வீதிக்குக் கீழே சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது, மேலே இருந்த கடைகளில் சனம் குறைந்தது. வியாபாரிகள் விருப்பச் சந்தாவில் சங்கம் நடத்திப் பார்த்தார்கள். சிலர் கட்டினார்கள், சிலர் கட்டவில்லை. விளக்கு வெளிச்சம் மட்டும் எல்லோருக்கும் விழுந்தது. நம் ஊர்ச் சங்கங்களில் சந்தா சேர்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும். அதனால் பகுதியில் உள்ள எல்லா வர்த்தகச் சொத்துகளிடமும் நகரசபையே சொத்து வரியோடு சேர்த்து அறவிட்டுக் கொடுக்கும் வழியைச் சட்டமாக்கினார்கள்.

நகரசபை அறவிட்டுக் கொடுக்கிறது என்றால், அந்தப் பணத்துக்கு நகரசபைதான் பொறுப்பு. ஆகவே அதைச் செலவழிக்கும் நிர்வாக சபையும் நகரசபையின் பிடிக்குள் இருக்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான்.

ஒன்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ நகரத்துக்கு 2006ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு, அங்குள்ள பி.ஐ.ஏ.க்களின் விதிகள் நகரச் சட்டக் கோவையின் 19ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. நான் இங்கே சொல்வது மார்க்கம், பிராம்ப்டன், மிசிசாகா போன்ற மற்ற நகரங்களைப் பற்றி. அவற்றுக்குப் பொருந்துவது ஒன்ராறியோ மாகாணத்தின் 2001ஆம் ஆண்டு மாநகரசபைச் சட்டம், 204ஆவது பிரிவிலிருந்து வரும் பகுதி.

அந்தப் பிரிவின்படி பி.ஐ.ஏ. நிர்வாக சபை உறுப்பினர்களில் ஒருவரையாவது நகரசபை நேரடியாக நியமிக்கும். வழக்கமாக அது அந்த வட்டாரக் கவுன்சிலர். மற்றவர்களை அங்கத்தவர்கள், அதாவது அந்தப் பகுதியின் வர்த்தகக் கட்டட உரிமையாளர்களும் வாடகைக்கு இருப்பவர்களும், வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். ஆனால் தெரிவானதும் அவர் சபை உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. பெயர் நகரசபைக்குப் போக வேண்டும், நகரசபை நியமிக்க வேண்டும். வேண்டாம் என்று மறுக்கவும் நகரசபைக்கு அதிகாரம் உண்டு. மறுத்தால் இடத்தை வெறுமையாக விடலாம், அல்லது வேறொருவரைத் தெரிவு செய்யக் கூட்டம் வைக்கச் சொல்லலாம். ஒருவர் இடையில் விலகினால் அந்த இடத்துக்கு, அங்கத்தவர் அல்லாத ஒருவரைக்கூட நகரசபை நியமிக்கலாம்.

பணத்திலும் அப்படித்தான். சபை வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரித்து, அங்கத்தவர் கூட்டத்தில் வைத்துப் பேசி, நகரசபைக்கு அனுப்ப வேண்டும். நகரசபை அதை முழுதாக ஏற்கலாம், வெட்டிக் குறைக்கலாம். புதிதாக ஒரு செலவைச் சேர்க்க மட்டும் முடியாது. இந்த ஒரு வசனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்: கடைக்காரர் காசில் தன் வேலையைச் செய்துகொள்ள நகரசபைக்கு வழி இல்லை. மறுபுறம், சபை கடன் வாங்க முடியாது. அனுமதித்த திட்டத்திலோ ஒதுக்கு நிதியிலோ இல்லாத செலவைச் செய்ய முடியாது. கணக்காய்வு செய்பவரும் நகரசபையின் கணக்காய்வாளரே.

அப்புறம், தொகை எப்படி வருகிறது? உதாரணத்துக்கு, ஒரு பகுதியின் ஆண்டுத் திட்டம் 2,00,000 டொலர் என்றும் அங்குள்ள வர்த்தகச் சொத்துகளின் மொத்த மதிப்பீடு 10 கோடி என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் கடை இருக்கும் கட்டடத்தின் மதிப்பீடு 12 லட்சம் என்றால் அதன் பங்கு 2,400 டொலர். அதில் பாதி இடம் உங்களுடையது என்றால், லீஸின்படி 1,200 உங்கள் ரி.எம்.ஐ.க்குள் வந்து உட்காரும். சில இடங்களில் நகரசபை ஆகக் குறைந்த, ஆகக் கூடிய தொகைகளும் வைத்திருக்கும்.

கட்டுவது நீங்கள். ஆனால் வரிப் பட்டியலில் இருப்பது கட்டட உரிமையாளரின் பெயர். கூட்ட அறிவித்தல் அவரிடம் போய், அங்கேயே நின்றுவிடுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சட்டம் வாடகைக்கு இருப்பவரையும் அங்கத்தவர் என்றே சொல்கிறது. அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு. வீதியில் ஐந்து கட்டடம் வைத்திருப்பவருக்கும் ஒன்று, மூலையில் சின்னத் தையல்கடை வைத்திருப்பவருக்கும் ஒன்று. கடை கம்பனி பெயரில் இருந்தால், கம்பனி எழுத்தில் ஒருவரை நியமித்து அனுப்ப வேண்டும். உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால், இந்த முகவரியில் நான் வாடகைக்கு இருக்கிறேன் என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழியை நகர எழுத்தர் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு பக்கத் தாள், அவ்வளவுதான்.

புதிதாக பி.ஐ.ஏ. ஒன்றை அமைக்கப்போகிறோம் என்று நகரசபை கடிதம் அனுப்பும்போது மிகவும் கவனமாக இருங்கள். கட்டட உரிமையாளர் அதன் பிரதியை, வரியில் பங்கு கட்டும் ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் 60 நாளுக்குள் எழுத்தில் எதிர்க்க வேண்டும். அறிவித்தல் பெறும் தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, அவர்கள் அந்தப் பகுதி வரியிலும் மூன்றில் ஒரு பங்காவது கட்டுபவர்களாக இருந்தால் நகரசபை அதை நிறைவேற்ற முடியாது. இதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். பேசாமல் இருந்தவர் சம்மதித்தவர் கணக்கில் போய்விடுகிறார். "நான் கையெழுத்தே வைக்கவில்லையே" என்று பிறகு என் மேசைக்கு முன்னால் இருந்து சொல்வதில் பயன் இல்லை.

இனி, சபைக்குள் போகிறவர்களுக்கு. நம்மில் பலர் கோயில் நிர்வாகத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருந்து பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடு பி.ஐ.ஏ. சபைக்குள் போனால் ஆபத்து. என் வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனிதர், சபையில் இருந்தபோது தெருவிழாத் துண்டுப்பிரசுர வேலையைத் தன் மகனின் அச்சகத்துக்குக் கொடுக்கக் கை தூக்கினார். விலையும் குறைவுதான். "பிள்ளை லாபமே எடுக்கேல்லை" என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் பி.ஐ.ஏ. சபை நகரசபையின் கீழ் இயங்கும் உள்ளூர்ச் சபை. கவுன்சிலர்களுக்குள்ள அதே நலன் முரண் சட்டம் இவருக்கும் பொருந்தும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை ஆகியோரின் பண நலன் உங்கள் நலனாகவே கொள்ளப்படும். கூட்டத்தில் அறிவித்து, எழுத்தில் கொடுத்து, பேச்சிலும் வாக்கிலும் கலந்துகொள்ளாமல் விலக வேண்டும். மீறினால் நீதிபதி பதவியைப் பறிக்கலாம், 7 ஆண்டுகள் வரை தகுதியிழக்கச் செய்யலாம். சகோதரர் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் தம்பியின் கடைக்கு வேலை போகும்போது வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுங்கள் என்றே நான் சொல்வேன். சபைக்கு நடத்தைக் கோவையும் இருக்கும், வீதியில் வாயும் இருக்கும்.

கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒரு தனிமனிதரைப் பற்றிய விடயம், சட்ட ஆலோசனை, காணி வாங்குதல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவை மூடலாம். வாட்ஸ்அப் குழுவில் "எல்லாருக்கும் ஓகேயா?" என்று கேட்டுக் காசோலை எழுதுவது நடக்காத காரியமாக இருக்க வேண்டும், பல இடங்களில் நடக்கிறது. முறையாக அறிவித்த கூட்டம், கூட்டக்குறிப்பு, முன்மொழிவு, வழிமொழிவு. இது வெறும் சடங்கு இல்லை, கணக்காய்வாளர் வரும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் குறிப்புத்தான்.

சபையின் காலம் நகரசபையின் காலத்தோடு ஓடுகிறது, நான்கு ஆண்டு. ஒன்ராறியோவின் அடுத்த நகரசபைத் தேர்தல் 2026 ஒக்ரோபர் 26. அதையொட்டி சபைகளுக்கும் புதுப் பெயர்கள் தேவைப்படும். நமது மக்கள் நிறையக் கடை வைத்திருக்கும் வீதிகளில்கூட சபையில் நமது பெயர்கள் குறைவாக இருப்பதைப் பார்க்கிறேன். யாரும் தடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அறிவித்தல் வந்து சேரவில்லை, வந்தாலும் பின்னேரம் ஆறு மணிக் கூட்டம் என்றால் அடுப்படியை விட்டு யார் போவது?

அந்த அக்காவுக்கு என் மேசையிலேயே உறுதிமொழித் தாளை எழுதி, லீஸின் முதல் பக்கத்தோடு நகர எழுத்தருக்கு அனுப்பினோம். அடுத்த அறிவித்தல் அவருடைய கடை முகவரிக்கே வந்தது. கடையை மகளிடம் விட்டுவிட்டுப் போனார். வீதியின் அவர் பக்கத்தில், வாகனத் தரிப்பிடத்தை ஒட்டி, ஏன் அலங்கார விளக்கு இல்லை என்று கேட்டாராம். இந்த வருடத் திட்டம் நகரசபைக்குப் போய்விட்டது, அடுத்த வருடத்துக்கான வரைவு இலையுதிர் காலத்தில் வைக்கப்படும், அப்போது கேளுங்கள் என்றார்களாம். திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து மளிகைக்கடைக்காரருக்கும் முடிதிருத்தும் கடைத் தம்பிக்கும் அதே தாளை நிரப்பித் தரச் சொல்லி நேற்று அழைத்தார்.