சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

புதுச்சேரித் தமிழர் பகுதியில் இன்னொரு வீடும் போய்விட்டது. கீழே திண்ணையும் தாழ்வாரமும், மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணி வளைவுகளும் கொண்ட வீடு. இடிப்பதற்கு முன் பார்க்கச் சொன்னார்கள். தெருச்சுவரில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூச்சு. ஓரத்தில் உளி வைத்து நெம்பியதும் பாளமாகக் கழன்றது. உள்ளே செங்கல் ஈரமாவாக உதிர்ந்தது. பழைய சுண்ணாம்புக் காரைப் பூச்சே இருந்த மேல்சுவரில் செங்கல் கெட்டியாக நின்றது. வீட்டுக்காரர் சொன்னார்: "நூறு வருஷ வீடு சார், ஆயுசு முடிஞ்சுபோச்சு."

முடியவே இல்லை. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சுண்ணாம்பு பலவீனம், சிமெண்ட் பலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தரை ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இந்த வீடுகளின் அடித்தளத்தில் கிடையாது. சுவர் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். காரை அதை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். கடலோர ஊர், கூடவே உப்பும் ஏறும். அந்த உப்பு செங்கலுக்குள் பூத்து அதை உள்ளிருந்தே பொடியாக்கும். காரை உதிர்வது நோய் அல்ல. தான் கெட்டுச் செங்கலைக் காப்பதுதான் அதன் வேலை. உதிர்ந்த இடத்தில் மறுபடி காரை பூசினால் போதும். அதைப் பார்த்துப் பயந்து சிமெண்ட் பூசி, அதன்மேல் டைல்ஸும் ஒட்டி, கடைசியில் பழியை வீட்டின் வயதின்மேல் போடுகிறோம்.

கடற்கரைச் சாலையில் 1870-71இல் எழுந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம்), பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் 29 மழையில் சரிந்தது. அரசுக் கட்டடம் என்பதால் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். உங்கள் தாத்தா வீட்டை யார் திரும்பக் கட்டித் தருவார்கள்? அதே உப்புக்காற்று வீசும் வைசியாள் வீதியில் பழைய முகப்புகளை முறையாகச் சீர்செய்தார்கள், 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. செய்ய முடியும் என்பதற்கு அந்தத் தெருவை நேரில் போய்ப் பாருங்கள்.

ஐப்பசி பிறக்குமுன் மொட்டைமாடி நீர்ப்போக்கிகளைச் சுத்தம் செய்யுங்கள். அரசங்கன்று முளைத்தால் இரண்டிலை விடும்போதே எடுங்கள். வேர் ஓடிய பிறகு பிடித்து இழுத்தால் சுவரும் கூட வரும். உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்த முனையை மட்டும் மாற்றலாம். "இடிச்சிடுங்க" என்று ஒருவர் சொன்னால், சுண்ணாம்பு வேலை தெரிந்த இன்னொருவரையும் கேளுங்கள். எந்த வழியும் இல்லாமல் இடித்தே ஆக வேண்டுமென்றால், தயவுசெய்து முதலில் அறை அறையாக அளந்து படம் எடுங்கள். கட்டியவர் பெயரையும் கிரயப் பத்திரத்தின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்டீர்களா? மழை ஓய்ந்ததும் உரித்துவிடுங்கள். கோடை முழுக்கச் சுவர் காயட்டும். கொத்தனார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்புக் காரைதான்.