குதிரைக்கு ஏது வணிகமுத்திரை?

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் குதிரை வாங்குபவர்களுக்கான குறிப்புகள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "குதிரையை விற்பதற்கு முன் வணிகமுத்திரை ஆய்வு கட்டாயம்." குதிரை என்ன பனியனா, பிராண்ட் பார்த்து வாங்குவதற்கு? ஆங்கில மூலத்தில் இருந்தது 'பிராண்ட் இன்ஸ்பெக்‌ஷன்': மாட்டின், குதிரையின் தோலில் சுட்டுப் போட்ட அடையாளத்தைப் பார்த்து, அது யாருடையது என்று அரசு அலுவலர் சோதிப்பது.

முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பேன். ஒரு கௌபாய்த் தொடரின் தமிழ் வசனவரியில், நடுராத்திரியில் மாடு கடத்துகிற கூட்டம் "வணிகச்சின்ன அதிகாரி வருகிறார்!" என்று பதறி ஓடியதை ஏற்கெனவே பார்த்தவன் நான். அப்புறம் ஒரு சிறுவர் நூலில் "கால்நடை பிராண்டிங் பரிசோதனை" என்று வந்தது. இது மூன்றாவது. எழுதிவிடுவது நல்லது.

சொல்லின் கதை சிறியதுதான். பழைய ஆங்கிலத்தில் 'பிராண்ட்' என்றால் நெருப்பு, எரிகிற கொள்ளி. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அந்தச் சொல்லுக்குத் தீ, தீவிபத்து என்றுதான் பொருள். பிராந்தி கூட இந்த வீட்டுப் பிள்ளைதான்: டச்சுக்காரர்கள் காய்ச்சி வடித்த மதுவை 'எரித்த ஒயின்' என்றார்கள், அதன் சுருக்கம் பிராந்தி. கொள்ளி என்பதிலிருந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடுகிற தழும்புக்குப் பெயராயிற்று. மரப்பீப்பாய்களிலும் பெட்டிகளிலும் செய்தவர் அடையாளத்தைச் சுட்டுப் பதித்தார்கள். அந்த வழியாக 19ஆம் நூற்றாண்டில் சோப்புக்கும் சுருட்டுக்கும் பிராண்ட் வந்தது. ஆக, மாட்டின் மேல் இருப்பதுதான் மூலம், பனியனில் இருப்பது பேரன். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பேரனின் பெயரைத் தாத்தாவுக்கு வைத்துவிட்டார்கள்.

சரி, அந்தச் சோதனையில் என்னதான் நடக்கிறது? மேற்கு அமெரிக்க மாநிலங்களில் மாடு வேலியில்லாத மேய்ச்சல் வெளியில் பல பேருடைய மாட்டோடு கலந்து மேயும். யாருடையது எது என்பதற்கு ஒரே சாட்சி தோலில் இருக்கும் தழும்பு. அதை அரசிடம் பதிந்து வைத்துக்கொள்வார்கள். ஒருவருடைய குறியை இன்னொருவர் போடக்கூடாது. கொலராடோவில் மாடோ குதிரையோ கைமாறினால், மாநிலத்துக்கு உள்ளேயே 75 மைலுக்கு மேல் (கிட்டத்தட்ட 120 கிலோமீட்டர்) கொண்டுபோனால், மாநில எல்லையைத் தாண்டினால், வெட்டுக்குப் போனால், முதலில் அரசு அலுவலர் வந்து பார்த்துச் சான்று எழுதித் தர வேண்டும். வயோமிங்கிலும் மொன்டானாவிலும் மாவட்ட எல்லையைத் தாண்டினாலே சான்று வேண்டும். குறி போட்டே ஆக வேண்டும் என்று கொலராடோச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது. குதிரையை அடிக்கடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு நிரந்தரப் பயண அட்டை ஒன்று உண்டு. குதிரை அதே ஆளிடம் இருக்கும்வரை அது செல்லும்.

அலுவலர் செய்வது பெரிய வித்தையில்லை. பட்டிக்குள் நடந்துபோய் ஒவ்வொரு மாட்டின் இடுப்பையும் விலாவையும் தோளையும் பார்ப்பார். குளிர்காலத்தில் மயிர் அடர்ந்து தழும்பை மூடியிருந்தால், கத்தரிக்கும் கருவியால் அந்த இடத்தை மட்டும் மழித்துவிட்டுப் பார்ப்பார். தழும்பு விற்பவருடையதாக இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். வேறு யாருடையதோ என்றால், "நீ வாங்கிய சீட்டு எங்கே?" என்பார். சீட்டு இல்லையென்றால் ஏலம் போன பணம் விற்றவர் கைக்கு வராது, உரியவர் தெரியும்வரை நிறுத்தி வைக்கப்படும். குறியே இல்லாத குதிரைக்கு நிறம், நெற்றிச்சுட்டி, எந்தக் காலில் எவ்வளவு உயரத்துக்கு வெள்ளை என்று எழுதுவார்கள். மயிர்ச்சுழி கூட அங்கே குதிரைக்கு அங்க அடையாளம்தான். நம் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் சுழி பார்ப்போமே, அது ராசிக்கு. அவர்கள் பார்ப்பது ஆள் அடையாளத்துக்கு.

குறியைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள். எழுத்து நேராக நின்றால் வெறும் கே. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் அதை 'லேஸி கே' என்பார்கள். மேலே சொன்ன அதே தொடரில் இதைச் 'சோம்பேறி கே' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். படுத்திருக்கிற எழுத்தைப் 'படுத்த கே' என்று சொல்ல என்ன தயக்கம்? எழுத்துக்குக் கீழே பிறை போல ஒரு வளைவு வந்தால் அது ஆடும் எழுத்து. 'தொட்டில் ஆர்' என்றால் கேட்கிறவர்களுக்குப் படமே வந்துவிடும். நம் ஆட்கள் ஒரு தடவையாவது அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு எழுதலாம். அகராதியைப் பார்த்து எழுதுகிறார்கள்.

இப்போது போட்டிக்கு நிற்கும் சொற்களைப் பார்க்கலாம்.

'வணிகமுத்திரை' ஒழிந்தது. 'வணிக'த்தை வெட்டிவிட்டு 'முத்திரை ஆய்வு' என்று வைத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். வைக்கலாம், ஆனால் தமிழ்நாட்டில் முத்திரை ஆய்வாளர் என்று ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர். கடைக்கு வந்து தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பவர். மளிகைக்கடைக்காரர் யாரிடமாவது "முத்திரை ஆய்வாளர் மாட்டுப் பட்டிக்கு வந்தார்" என்று சொல்லிப் பாருங்கள், பால் அளக்கிற படியைச் சோதிக்க வந்தார் என்றுதான் நினைப்பார்.

'கால்நடை ஆய்வு' இன்னும் மோசம். கேட்க இயல்பாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நம்மூர்க் கால்நடை ஆய்வாளர் முதலுதவி செய்வார், சினை ஊசி போடுவார். கொலராடோவில் தழும்பு பார்க்க வருகிறவருக்கு மாட்டின் காய்ச்சலைப் பற்றிக் கவலையே இல்லை. நோய்க்கு வேறு காகிதம், வேறு ஆள். குதிரை மாநிலம் தாண்டிப் போவதற்குத் தொற்று இரத்தசோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் சோதனைச் சான்றை வழக்கமாகக் கேட்பார்கள். அதற்கு இரத்தம் எடுப்பவர் கால்நடை மருத்துவர். 2024 நவம்பரிலிருந்து, மாநில எல்லையைக் கடக்கும் குறிப்பிட்ட வகை மாடுகளுக்கு மின்னணு முறையில் படிக்கக்கூடிய காதுவில்லை கட்டாயமாகியிருக்கிறது. அதுவும் நோய் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பிடிப்பதற்குத்தான். நம்மூர் மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சளாகத் தொங்குகிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. காதுவில்லை 'இது எந்த மாடு' என்று சொல்லும், தழும்பு 'இது யார் மாடு' என்று சொல்லும். இந்த இரண்டையும் ஒரே 'கால்நடை ஆய்வு' என்ற கோணிப்பையில் போட்டுக் கட்டினால், குதிரை வாங்குகிற அப்பாவி ஒரு சான்றை வாங்கிக்கொண்டு இன்னொன்று இல்லாமல் நடுவழியில் நிற்பான்.

தெற்கு டகோட்டாவில் இதையே உடைமையைச் சொல்லும் பெயரால் அழைக்கிறார்கள். அங்கே மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள மாவட்டங்களுக்கு மட்டும்தான் இந்த விதி. அந்தப் பகுதியை விட்டு மாடோ குதிரையோ வெளியேறினால் சோதனை உண்டு. இதை ஒருவர் 'உரிமையாளர் ஆய்வு' என்று எழுதியிருந்தார். உரிமையாளரை நிற்க வைத்து அவர் இடுப்பில் தழும்பு தேடுவது போல இருக்கிறது. 'உடைமைச் சரிபார்ப்பு' என்றால் சரி. உரிமை வேறு, உடைமை வேறு என்பதை நாம் மறந்து எத்தனை நாளாகிறதோ.

இனி வலுவான எதிராளி: 'பொறி'.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இந்தச் சொல்லுக்காகத் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் வாதாடினார். "தம்பி, தீப்பொறியும் பொறிதான், இமயத்தில் பொறித்ததும் பொறிதான். நெருப்பும் அடையாளமும் ஒரே சொல்லில் இருக்கு. ஆங்கிலக்காரன் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் வேற கிடைக்குமா?" என்றார். உண்மையில் அசந்துபோனேன். அதோடு விடவில்லை. பெரியாழ்வார் திருப்பல்லாண்டில் 'கோயிற் பொறியாலே ஒற்றுண்டு' என்று பாடுவதைச் சொன்னார். காய்ச்சிய சக்கரத்தைத் தோளில் ஒற்றி, நான் இன்னாருடைய ஆள் என்று காட்டுவது அது. மாட்டுக்குச் செய்வதும் அதுவே, ஆண்டவன் மட்டும் வேறு.

"ஐயா, ஒத்துக்கிறேன். ஆனா 'பொறி ஆய்வாளர்'னு எழுதினா லிஃப்ட் சரிபார்க்க வந்தவர்னு நினைப்பாங்களே" என்றேன்.

அவர் கோபித்துக்கொண்டார். பொறியியல் என்று ஒரு துறைக்குப் பெயர் வைத்ததில் அந்தச் சொல்லின் மற்ற கதவெல்லாம் அடைத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை எலி எடுத்துக்கொண்டது. அழகான சொல், வேரும் சரி. இருந்தும் இன்றைய வாசகனுக்கு விளக்கம் சொல்லாமல் புரியாது. தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்போடு வருகிற தூய்மை, சட்ட நடைமுறைக் குறிப்புக்கு ஆகாது.

தேடிப் போக வேண்டியதே இல்லை, சொல் நம் வாயில் இருக்கிறது. புலியைப் பார்த்துப் பூனை என்ன போட்டுக்கொண்டது? சூடு. உடம்பில் வரி விழுவதற்காகத்தான் போட்டுக்கொண்டது. சூடு என்றால் சுட்டு உண்டாக்கிய அடையாளம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்! 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்ற பழமொழியில் வருவதும் இதே சொல்தான். இதையும் சிலர் விட்டுவைக்கவில்லை. 'அது சூடு இல்லை, சுவடு' என்று திருத்துகிறேன் பேர்வழி என்று கிளம்பியிருக்கிறார்கள். மாட்டுக்குச் சூடு போடுவதைப் பார்த்திராதவர்களின் திருத்தம் அது.

'சூடு' மட்டும் போதாது என்பதும் உண்மை. மாட்டுக்கு வாதம், வீக்கம் என்றாலும் வைத்தியமாகச் சூடு போடுவார்கள். அங்கேதான் ஈழத்தவர்கள் கைகொடுக்கிறார்கள். மட்டக்களப்பிலும் வன்னியிலும் மாட்டுக்குக் 'குறிசுடுதல்' என்பது இன்றும் புழங்குகிற சொல். பெரும்பாலும் உடையவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சுடுவார்கள். இலங்கையின் 1958ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்திலேயே இதற்கு இடமுண்டு. வேலை அதே, காரணம் அதே, பயன் அதே. காட்டிலிருந்த பாண்டவர்களைச் சீண்டப் புறப்பட்ட துரியோதனன் சொன்ன சாக்கே, மாடுகளை எண்ணிக் கன்றுகளுக்கு அடையாளமிடப் போகிறேன் என்பதுதான். அமெரிக்காவில் மட்டும் நடக்கிற விசித்திரம் போல இதற்குப் புதுச்சொல் உருட்ட வேண்டிய தேவை என்ன?

ஆகவே தழும்புக்குச் 'சூட்டுக்குறி'. போடுவது 'குறிசுடுதல்'. அதை வைத்து உடைமையைப் பார்ப்பது 'சூட்டுக்குறிச் சரிபார்ப்பு'. குறி என்று மொட்டையாக விடாதீர்கள். 'குறி பார்க்கிறவர் வந்தார்' என்றால் ஒருவர் ஜோசியம் என்பார், இன்னொருவர் துப்பாக்கி என்பார், மூன்றாமவர் என்ன நினைப்பார் என்பதை இங்கே எழுத முடியாது.

இதற்கும் ஒரு மறுப்பு வந்தது. இப்போது திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பாலும் குறி போடுகிறார்களே, குதிரைகளுக்கு அதைத்தான் பலர் விரும்புகிறார்களே, மயிரின் நிறம் செத்து வெள்ளையாக முளைக்கிறதே, அதில் சூடு எங்கே என்று. நல்ல கேள்வி. ஆனால் ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் 'உறைந்த கொள்ளி'தானே? அவர்களுக்கு இடிக்கவில்லை. 'குளிர்சூடு' என்று சொல்லிவிட்டுப் போவோம். ஐஸ்கட்டியை ரொம்ப நேரம் பிடித்தால் கை சுடுகிறது என்றுதான் நாமும் சொல்கிறோம்.

கடைசியாக 'ஆய்வு'. ஆராய்ச்சி ஆய்வு, கள ஆய்வு, அமைச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதும் ஆய்வு. தழும்பையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சரிபார்ப்பு என்ற தெளிவான சொல் இருக்கும்போது, எதற்கெடுத்தாலும் இந்த ஒரே சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவது சோம்பல். அந்த 'லேஸி'க்கு வேண்டுமானால் சோம்பேறி என்ற மொழிபெயர்ப்பு பொருந்தும்.

எல்லாவற்றையும் ஓரத்தில் பென்சிலால் எழுதி, காரணமும் சொல்லி, மெய்ப்பைத் திருப்பி அனுப்பினேன். நேற்று திருத்திய படி வந்தது. என் கருத்தையும் மதித்து, தங்கள் பழைய சொல்லையும் விடாமல், இரண்டுக்கும் நடுவில் ஒன்று வைத்திருக்கிறார்கள்: "குதிரையை விற்பதற்கு முன் சூடான வணிகமுத்திரை ஆய்வு கட்டாயம்."