தனித் தொகுதியில் நிற்பவரிடம் ‘நீ என்ன மதம்?’ என்று கேட்டால்

பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய வார்டிலோ ஊராட்சியிலோ தேர்தல் என்றால், நிற்பவர் தண்ணீர்க் குழாய் போடுவாரா, ரோடு போடுவாரா என்ற பேச்சு வருவதற்கு முன்பே இன்னொரு பேச்சு கிளம்பிவிடும். ‘அவங்க வீட்டுல சர்ச்சுக்குப் போவாங்களே!’ பெயர் ஸ்டெல்லா என்றோ அந்தோணி என்றோ இருந்துவிட்டால் எதிராளிக்குப் பாதி வேலை முடிந்தது. மீதி வேலைக்கு ஒரு மனு போதும். நன்றாக வேலை செய்யக்கூடிய ஆட்கள் இந்தப் பேச்சுக்குப் பயந்தே விலகியதைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்த பிறகு பதவிக்காலம் முழுவதும் கோர்ட்டுக்கு அலைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேருக்குச் சட்டம் சாதகமாகத்தான் இருந்தது. கையில் காகிதம்தான் இல்லை.

விதி இதுதான். பொதுத் தொகுதியில் எந்த மதத்தவரும் நிற்கலாம். மதமே இல்லை என்பவரும் நிற்கலாம். தனித் தொகுதியில் நிற்கப் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். யார் பட்டியல் சாதி என்பதை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை சொல்கிறது. அதன் 3-ஆம் பத்தி முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ மாறியவர் இன்றைக்கும் வெளியேதான். பழங்குடியினருக்கு இந்த மதக் கணக்கே கிடையாது. சேந்தமங்கலம், ஏற்காடு போன்ற பழங்குடித் தொகுதியில் நிற்பவரிடம் யாராவது மதத்தைக் கேட்டால், கேட்கிறவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று அர்த்தம்.

மதம் மாறியதால் தெருவில் சாதி போய்விடுகிறதா என்று நீங்கள் கேட்கலாம். போவதில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அந்த 3-ஆம் பத்தியை நீக்கச் சொன்னது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். ஆணையங்கள் வரும், போகும். உங்கள் வேட்புமனு நாளில் இருக்கிற விதிதான் உங்களுக்கு விதி.

இனி ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பி.சி. சான்றிதழ். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். படிப்புக்கும் வேலைக்கும் அது உதவும். தேர்தலுக்கு உதவாது. தமிழ்நாட்டின் சட்டமன்றத்திலும் உள்ளாட்சியிலும் பி.சி.க்கு என்று தனி இடமே இல்லை. பிள்ளையின் கல்லூரி சேர்க்கைக்காக அவசரத்தில் ‘கிறித்தவ ஆதிதிராவிடர்’ என்று பி.சி. சான்றிதழ் வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் அதே குடும்பத்தில் ஒருவர் தனித் தொகுதியில் மனு போட்டால், எதிராளி வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழே போதும். குடும்பத்தில் யார் யாருக்கு என்ன சான்றிதழ் இருக்கிறது என்று முதலில் வீட்டுக்குள்ளேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, டெபாசிட். பொதுத் தொகுதியில் நின்றாலும் பட்டியல் சாதி வேட்பாளருக்குப் பாதித் தொகைதான். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. உங்கள் மதம் பற்றிக் கேள்வி வரும் என்று தெரிந்தால் பொதுத் தொகுதியில் முழுத் தொகையையே கட்டிவிடுங்கள். பாதி கட்டிவிட்டு ‘இவர் எஸ்.சி.யே இல்லை’ என்று நிரூபணமாகிவிட்டால், மனுவே செல்லாமல் போகலாம். ஐயாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்த் தொகுதியை இழக்காதீர்கள்.

மூன்றாவது, திருமணம். காதலித்தவர் கிறித்தவர், அவர்கள் வீட்டு விருப்பம் என்று சர்ச்சில் கல்யாணம் நடந்திருக்கும். மதம் மாறியதாக நீங்கள் நினைத்தே இருக்க மாட்டீர்கள். ஆனால் தேவாலயத் திருமணப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் தேரூர் பேரூராட்சியின் தலைவர், தனி ஒதுக்கீட்டில் ஜெயித்தவர். கிறித்தவ முறைத் திருமணத்தை முக்கியக் காரணமாக வைத்துத்தான் அவர் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று 2025-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. மற்ற மதத்தவரைக் கட்டினாலே சாதி போய்விடாது. எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தீர்கள், ஞானஸ்நானம் எடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவரவர் மதத்தில் அவரவர் இருக்கப் போகிறீர்கள் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

நான்காவது, இதுதான் பலருக்கும் புரியாதது: நிரூபிக்க வேண்டியது யார்? அது இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் ஜெயித்த பிறகு ஒருவர் தேர்தல் வழக்குப் போட்டால், நீங்கள் கிறித்தவர் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2006-ல் ராஜபாளையம் தனித் தொகுதியில் ஜெயித்த எம். சந்திரா மீது இப்படித்தான் வழக்கு வந்தது. உயர்நீதிமன்றம் அவர் தேர்வைச் செல்லாது என்றது. 2010-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஞானஸ்நானப் பதிவின் ஜெராக்ஸ் பிரதி போதாது, ஒழுங்கான சாட்சியம் வேண்டும் என்பது அதில் முக்கியமான விஷயம். கேரளத்தின் தேவிகுளம் தனித் தொகுதியில் ஜெயித்த ஏ. ராஜா கதையும் அப்படியே. தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து மூணாறு பக்கம் போன குடும்பம். தேவாலயப் பதிவேடு, திருமணப் படங்கள் என்று காட்டி 2023-ல் கேரள உயர்நீதிமன்றத்தில் அவருடைய எம்.எல்.ஏ. பதவியைப் பறித்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது.

இதே மதக் கேள்வி சான்றிதழ் கேட்டுப் போகும்போது வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே நிரூபிக்க வேண்டியது நீங்கள். புதுச்சேரியில் செல்வராணி என்பவர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். அப்பா இந்து, அம்மா கிறித்தவர், குழந்தையிலேயே ஞானஸ்நானம், தொடர்ந்து சர்ச்சுக்குப் போகிறார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று கடுமையாகவே சொன்னது. ஆகவே சான்றிதழ் வேலையைத் தேர்தல் அறிவிப்புக்குப் பின்னால் தள்ளிப் போடாதீர்கள். சான்றிதழும் கையுமாக நிற்பவரை அசைப்பது எதிராளியின் பாடு. சான்றிதழ் இல்லாமல் நின்றால் எல்லாம் உங்கள் பாடு.

கிறித்தவராக இருந்து தாய்மதம் திரும்பியவர்களுக்கு வழி இருக்கிறது. கோலார் தங்கவயலில் ராஜகோபால் என்பவர் 1967-ல் தனித் தொகுதியில் ஜெயித்து, முன்பு கிறித்தவரானவர் என்ற காரணத்தால் தேர்வை இழந்தார். 1972-ல் மறுபடியும் நின்று ஜெயித்தார், மறுபடியும் வழக்கு. ஆனால் 1975-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சாதிக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் திருப்பம். 2015-ல் கேரளத்தின் கே.பி. மனு என்பவருடைய வழக்கில் இதையே மூன்று நிபந்தனையாகச் சொன்னார்கள்: மூதாதையர் அந்தச் சாதி என்பதற்குச் சான்று, திரும்பி வந்ததற்குச் சான்று, சமூகம் ஏற்றதற்குச் சான்று. பலர் கெஜட்டில் பெயரையும் மதத்தையும் மாற்றிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கெஜட் இரண்டாவதற்குத்தான் உதவும். மூன்றாவதற்கு ஊர்தான் சாட்சி. கோயில் திருவிழா வரி ரசீது, உங்கள் குடும்பப் பெயர் போட்ட காது குத்து, சீமந்த அழைப்பிதழ், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, இவை குப்பைக்குப் போகிற காகிதங்கள் அல்ல.

அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இ-சேவையில் விண்ணப்பம் போடுவீர்கள். வி.ஏ.ஓ. நேரில் வரச் சொல்வார். பெயரைப் பார்த்ததும் ‘நீங்க பி.சி. தானே வரும்’ என்பார். ஆர்.ஐ.யை, அதாவது வருவாய் ஆய்வாளரைப் பார்க்கச் சொல்வார். ஆர்.ஐ. ‘வி.ஏ.ஓ. ரிப்போர்ட் வரலையே’ என்பார். தாசில்தார் மீட்டிங்கில் இருப்பார். நடுவில் யாராவது ‘நாங்கள் இவரை உறுப்பினராக வைத்திருக்கவில்லை என்று சர்ச்சில் கடிதம் வாங்கி வாருங்கள்’ என்பார்கள். பாதிரியாரும் எதற்கு வம்பு என்று தர மாட்டார். வாயால் கேட்கும் காகிதத்துக்காக ஓடாதீர்கள். என்ன வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பாதி கோரிக்கைகள் காணாமல் போகும். நிராகரித்தால் காரணத்தோடு உத்தரவு வாங்கிக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். பெயர் ஒரு மதத்துக்குச் சான்று அல்ல. ரோசி என்று பெயர் வைத்த பக்தியுள்ள மாரியம்மன் வீட்டுப் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சான்றிதழ் வாங்கிய பிறகு எதிராளி புகார் கொடுத்தால், தாசில்தாரே உட்கார்ந்து ரத்து செய்துவிட முடியாது. பட்டியல் சாதிச் சான்றிதழை விசாரிப்பது மாவட்ட அளவிலான விழிப்புக் குழு. புகார் நகல், விசாரணை அறிக்கை நகல், பதில் சொல்ல நேரம் மூன்றையும் கேளுங்கள். ‘சும்மா ஒரு என்கொயரி, வந்துட்டுப் போங்க’ என்று போனில் கூப்பிட்டால், நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே போய் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

வேட்புமனு பரிசீலனை நாள் இன்னொரு கண்டம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில், தனித் தொகுதி என்றால் மனுவிலேயே எந்தச் சாதி, எந்தப் பகுதி என்று எழுத வேண்டும். அதை நிரப்பாமல் விட்டால் வாதாடவே வழியில்லை. யாராவது மதத்தைச் சொல்லி ஆட்சேபித்தால் அங்கேயே தலை குனிந்து நிற்க வேண்டியதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில், பதில் சொல்ல அவகாசம் கேட்கலாம் என்று இருக்கிறது. பரிசீலனைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரைதான் அந்த அவகாசம். கேட்டால்தான் கிடைக்கும், எழுதிக் கேளுங்கள். அசல் சான்றிதழோடு, விவரம் தெரிந்த ஒரு வக்கீலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்பாளர் உறுதிமொழியையும் மறந்துவிடாதீர்கள். மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கடவுளின் பெயரால் எடுக்கலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் எடுக்கலாம். எந்தக் கடவுள் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் உண்மையிலேயே இயேசுவை நம்புகிறவர் என்றால், தனித் தொகுதியில் இந்து என்று கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கட்சிக்காரர்களே ‘யாருக்குத் தெரியப் போகுது’ என்பார்கள். ஜெயித்த அடுத்த நாள் அதே ஆட்கள் எதிராளியின் பக்கம் சாட்சிக்குப் போவார்கள். சட்டமன்றத் தேர்தல் வழக்குக்கு முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் எதிராளி எல்லாவற்றையும் தோண்டுவார். சாமியா, சீட்டா என்று ஒரு மனிதரைக் கேட்கிற சட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அதற்காகப் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் குற்ற வழக்கில் நிற்கப் போவது நீங்கள்தான். பொதுத் தொகுதியில் நில்லுங்கள். கஷ்டம்தான், ஆனால் அங்கே உங்கள் மதத்தை வைத்து யாரும் பதவியைப் பறிக்க முடியாது.

எங்கே நின்றாலும் ‘இவன் கிறித்தவன், இவனுக்குப் போடாதீங்க’, ‘துலுக்கனுக்கு ஓட்டா?’ என்று பிரசாரம் நடந்தால், அது வெறும் அசிங்கம் மட்டும் இல்லை. வேட்பாளரோ, அவருடைய ஏஜெண்டோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும், ஓட்டுப் போடாதே என்பதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3)-ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் அதேதான் என்று விரித்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் ‘தேர்தல்னா அப்படித்தான் பேசுவாங்க’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பேச்சை முழுதாக வீடியோ எடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். தேதி, இடம், பேசியவர் பெயரை அன்றைக்கே எழுதி வையுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் என்றால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் ஏற்றுங்கள். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்துப் புகாரும் கொடுங்கள், புகார் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.