கார் ரேடியோவில் பேஸ் கேட்டது எப்படி?

அமெரிக்கப் பாடகர் குழுவான தி டெம்ப்டேஷன்ஸின் ‘மை கேர்ள்’ பாட்டு, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் (bass) கிட்டாரில்தான் தொடங்கும். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1964 கடைசியில் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அன்றைய இளைஞர்கள் பலர் இதைக் கேட்டது கார் ரேடியோவிலும் கையடக்க டிரான்சிஸ்டரிலும். அந்தச் சின்ன ஒலிபெருக்கிகளுக்குப் பேஸின் ஆழத்தைத் தரும் திராணி கிடையாது. இருந்தும் பேஸ் கேட்டது.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். கீழ் ‘சி’ ஸ்வரம் என்றால் சுமார் 65. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒலிபெருக்கிக் கூம்பால் அவ்வளவு மெதுவான அதிர்வில் போதிய காற்றைத் தள்ள முடியாது. நொடிக்கு 65 அதிர்வு, அதாவது 65 ஹெர்ட்ஸ், அங்கே கிட்டத்தட்ட மௌனம்தான். ஆனால் எந்தக் கம்பியும் ஒரே அதிர்வெண்ணில் ஒலிப்பதில்லை. 130, 195, 260 என அதன் மடங்குகளும் கூடவே வரும். தம்புராவில் சட்ஜத்தை மீட்டினால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கிறதே, அதுவும் இந்த மேற்சுரங்களின் வேலைதான். சின்ன ஒலிபெருக்கி அடி அதிர்வை விட்டுவிட்டு மேலே இருப்பவற்றை மட்டும் தருகிறது.

மீதியை மூளை பார்த்துக்கொள்கிறது. 130, 195, 260 மூன்றையும் கூட்டினால் வரும் அலையின் வடிவம் நொடிக்கு 65 முறை திரும்பத் திரும்ப வரும். செவி நரம்புகளும் மூளையும் அந்த ஒழுங்கைப் பிடித்து, காற்றில் இல்லாத 65-ஐயே சுருதியாக உணர்கின்றன. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதையும் அனுப்பவில்லை. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100, 150 அளவில்தான் இருக்கும். அப்படியும் போனில் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது.

‘மை கேர்ள்’ பாட்டை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தார் இதைக் காதால் அறிந்திருந்தார்கள். அதன் நிறுவனர் பெர்ரி கோர்டி ஃபோர்டு கார் ஆலையில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தவர். 1959-ல் டெட்ராய்ட்டின் வெஸ்ட் கிராண்ட் பொலிவார்டில் ஒரு வீட்டை வாங்கி ஸ்டுடியோ ஆக்கினார். பதிவு முடிந்ததும் கார் ரேடியோ போன்ற சின்ன ஒலிபெருக்கியிலும் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பேஸ் கிட்டாரின் மின்சைகையை மைக் இல்லாமல் நேராகப் பதிவுக் கருவிக்குக் கொண்டுபோனார்கள். அறையின் இரைச்சலும் பக்கத்து டிரம்ஸும் அதில் கலக்கவில்லை. ஜேமர்சன் தட்டையான கம்பி சுற்றிய (flatwound) தந்திகளை மாற்றாமலே வைத்திருந்தார், ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். கம்பிகளைத் தொடும்படி ஒரு நுரைத்துண்டு வேறு. அதனால் கீச்சென்ற உயர்சுரங்கள் மங்கின, ஒவ்வொரு ஸ்வரமும் சட்டென்று அடங்கி அடுத்ததற்கு இடம் விட்டது. மூளைக்குத் தேவையான முதல் சில மடங்குகள் மட்டும் தெளிவாக நின்றன. எனக்கு இதுதான் ஆச்சரியம்: பழசாகிப்போன தந்தி இங்கே குறையாக இல்லை, பலமாக இருந்தது.

இசைத்தட்டு தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டது. அதே வேகத்தில் ஊசி அசைய வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது அது பக்கவாட்டில் இரு மடங்கு தூரம் ஆட வேண்டும். பேஸை அப்படியே வெட்டினால் ஏழு அங்குலத் தட்டில் தடங்கள் ஒன்றோடொன்று மோதும், ஊசியும் துள்ளும். எனவே தட்டை வெட்டும்போது பேஸைக் குறைத்து, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதே அளவு கூட்டுவது என்று 1954-ல் ஒரு பொது அளவு வந்தது. 1000 ஹெர்ட்ஸை ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டே தட்டில் ஏறும்.

ஜேமர்சனின் பெயர் பல ஆண்டுகள் எந்த மோட்டவுன் இசைத்தட்டு உறையிலும் அச்சாகவில்லை. மோட்டவுன் அதை முதன்முதலில் அச்சிட்டது 1971-ல், பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில். அதன் தலைப்புப் பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது துணைக்கு நிற்காது. தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும்.