சரிவு நிலத்தில் நீச்சல் தொட்டி: மண்ணைக் கொட்டாதீர்கள், வெட்டுங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஆனைமலை அடிவாரத்துத் தோட்டங்களிலிருந்தும் பண்ணை வீடுகளிலிருந்தும் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். இணையத்தில் வாங்கிய, இரும்புக் குழாய்ச் சட்டமும் தடித்த பிவிசி விரிப்பும் கொண்ட நீச்சல் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, வந்து பார்க்க முடியுமா என்பார்கள். சென்ற வாரம் நான் போய்ச் சேர்வதற்குள் தொட்டி விழுந்தே விட்டது. தாழ்ந்த பக்கத்துக் கால்கள் வெளிப்புறமாக மடங்கிக் கிடந்தன. வெளியேறிய தண்ணீர் பாக்கு நாற்றுகளை வேரோடு அரித்துச் சென்றிருந்தது. குழந்தைகள் அப்போதுதான் சாப்பிட எழுந்து போயிருந்தார்கள் என்று வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

பதினைந்து அடி விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீர் ஆழமும் கொண்ட வட்டத் தொட்டியில் ஏறக்குறைய 17,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது பதினேழரை டன். தரை 15 செ.மீ. சரிந்திருந்தால், மேட்டுப் பக்கத்தில் 105 செ.மீ. ஆழம் இருக்கும்போது பள்ளப் பக்கத்தில் 120 செ.மீ. ஆழம் இருக்கும். பக்கச்சுவரைத் தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வெறும் ஒரு சாண் அளவுகூட இல்லாத இந்த வேறுபாடு பள்ளப் பக்கத்தில் முப்பது சதவீதம் கூடுதல் தள்ளுவிசையாகிறது. பெரும்பாலான தொட்டிகளுக்கு இரண்டரை செ.மீ. வேறுபாட்டுக்கு மேல் ஏற்கக் கூடாது.

தாழ்ந்த பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேல் விளிம்பு மட்டமாகத் தெரியும், தரை சரிவாகவேதான் இருக்கும்.

அதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, பள்ளத்தில் ஒரு லோடு மண் கொட்டி நிரவிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. கொட்டிய மண் கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். காலால் மிதித்தால் கெட்டியாகவும் இருக்கும். ஆனால் அதன் துகள்களுக்கு இடையே காற்று நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன்னுக்கு மேல் பாரம் ஏறி, தொட்டியிலிருந்து தளும்பும் நீரும் ஊறியதும், அந்த மண் அமுங்கும். மேட்டுப் பக்கத்தில் காலங்காலமாக இறுகிய மண் அசையாது, பள்ளத்து மண் மட்டும் இறங்கும். நீங்கள் நிரவிய சரிவு மீண்டும் வந்துவிடும், அதுவும் தொட்டி நிறைந்திருக்கும்போது. மணல் கொட்டினாலும் இதே கதைதான், அது ஓரங்களில் வழிந்தும் ஓடும். பதினைந்து செ.மீ. அடுக்குகளாக நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் முறையாக இறுக்கினால் நிரப்பலாம் என்று சில கொத்தனார்கள் சொல்வது தவறில்லை; அவ்வளவு பொறுமையாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஆகவே மேட்டை வெட்டுங்கள். தொட்டியின் விளிம்பிலிருந்து சுற்றிலும் இரண்டடி கூடுதலாக வெட்டி, வெட்டிய மண்ணை அந்தப் பக்கமே விடாமல் அப்புறப்படுத்துங்கள். மட்டத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள். கொத்தனாரின் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாய், இதற்குப் போதும். மேட்டுப் பக்கத்தில் மழைநீர் விலகி ஓட ஒரு சிறு வாய்க்கால் எடுங்கள். கற்களையும் வேர்களையும், குறிப்பாகக் கோரைக் கிழங்கையும், தோண்டி எடுங்கள்; கோரையின் முளை பிவிசி விரிப்பையே துளைத்து மேலே வரும். சலித்த எம்-சாண்டை ஐந்து செ.மீ.க்கு மேல் விரிக்க வேண்டாம். ஒவ்வொரு காலின் அடியிலும் தரையோடு தரையாகப் புதைத்த கான்கிரீட் பலகை இருக்கட்டும். கரிசல் மண் என்றால் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும்; அங்கே மண்ணைப் பற்றித் தெரிந்த யாரையாவது ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

மொட்டை மாடி மட்டமாக இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்கள் நடமாடும் கூரைக்கு, கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 875 கணக்கிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. இரண்டடித் தண்ணீரே 600 கிலோ. தயவுசெய்து வேண்டாம்.

பம்புக்கான இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவர்கள் அருகில் இல்லாதபோது ஏணியை எடுத்துவிட வேண்டும். இதில் சலுகையே இல்லை.

தண்ணீர் நிரப்பும்போது ஐந்து செ.மீ. ஏறியதும் குழாயை மூடிவிட்டு, நான்கு ஓரங்களிலும் அளவுகோலை வைத்து ஆழத்தைப் பாருங்கள். இரண்டரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் அந்த எண்ணூறு லிட்டரையும் தென்னைக்குப் பாய்ச்சிவிட்டு, தொட்டியை ஓரமாக இழுத்து வைத்து, மறுபடியும் மண்வெட்டியை எடுங்கள்.