காண்ட்ராஸ்ட்: எடுப்பும் மாறுபாடும்

துணிக்கடையில் "பார்டர் நல்ல காண்ட்ராஸ்ட்டா இருக்கு" என்பார்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் "காண்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும்" என்பார்கள். அங்கே அது நிறம், இங்கே ஊசிமருந்து. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பதிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய வேண்டும். ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து எக்ஸ்ரே கதிரை அதிகம் தடுக்கிறது. அதனால்தான் ரத்தக்குழாய் சுற்றியுள்ள தசையோடு கலந்துவிடாமல் தனியாகத் தெரிகிறது. அறிவியல் படங்களைப் பற்றி எழுதும்போது இந்தக் காண்ட்ராஸ்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது, படத்தில் அதை எப்படிக் கூட்டலாம், எப்படிக் கூட்டக் கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

சொல்லின் வேர் லத்தீன். 'கான்ட்ரா' என்றால் எதிராக, 'ஸ்டாரே' என்றால் நிற்றல். எதிரெதிரே நிற்பது. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ஓவியக் கலைச்சொல்லாக இருந்தது. வடிவத்தையும் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்டுவது என்று பொருள்.

தமிழில் இதற்கு மிகப் பழைய உறவுச்சொல் 'முரண்'. "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்று தொல்காப்பியச் செய்யுளியல் முரண்தொடைக்கு இலக்கணம் சொல்கிறது. யாப்பிலக்கணத்தில் இதற்குக் காட்டும் பாட்டில் இருள் பரவியது போன்ற கடல் வரும், அடுத்த அடியிலேயே நிலவைக் குவித்து வைத்தது போன்ற வெண்மணல் வரும். கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து! படத்தைப் பற்றிப் பேசவே எழுதியது போல இருக்கிறது. ஆனால் இன்றைக்கு முரண் என்றால் சண்டை, பொருந்தாமை என்றுதான் காதில் விழும். "படத்தில் முரணைக் கூட்டவும்" என்று எழுதினால் வாசிப்பவர் குழம்புவார்.

'வேறுபாடு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது ரொம்பப் பொதுவான சொல்; எதற்கும் எதற்கும் வேறுபாடு இருக்கலாம். வெறும் 'மாறுபாடு' என்றால் உயிரியலில் ஒரே இன உயிர்களுக்குள் காணும் வேறுபாடு ('வேரியேஷன்') என்ற இன்னொரு பொருளோடு மோதும். முன்னால் ஒளியைச் சேர்த்து 'ஒளிமாறுபாடு' என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பேச்சில் நமக்கு இதைவிட அழகான சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: எடுப்பு. "அந்த பார்டர் எடுப்பா இருக்கு" என்பதில் காண்ட்ராஸ்ட் முழுசாக அடங்கிவிடுகிறது. ஆனால் எடுப்பு என்பது கண் உணர்வது. ஒளிமாறுபாடு அளந்து எண்ணாகச் சொல்லக்கூடியது. அறிவியலுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

எப்படி அளப்பது? சாதாரண எட்டு பிட் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. நுண்ணோக்கிப் படம் ஒன்றில் பின்புலம் 100, செல் 120 என்று வைத்துக்கொள்வோம். மங்கலாகத்தான் தெரியும். இப்போது 90-ஐ 0 ஆகவும் 130-ஐ 255 ஆகவும் இழுத்து விரித்தால் பின்புலம் 64, செல் 191 ஆகிவிடும். 20 ஆக இருந்த இடைவெளி 127. செல் பளிச்சென்று தெரியும். ஆனால் 90-க்குக் கீழே இருந்ததெல்லாம் ஒரே கறுப்பில் மூழ்கிவிட்டது. அங்கே ஏதாவது இருந்ததா என்று இனி இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைப் படம் முழுக்கச் செய்யாமல் ஓர் இடத்தில் மட்டும் செய்தால் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் 'லோக்கல்' என்ற ஒரே சொல் இங்கே இரண்டு வேலைக்கு ஓடுகிறது. தமிழில் இரண்டாகப் பிரிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

ஒன்று, இடத்துக்கேற்ற திருத்தம். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அங்குள்ள ஒளிக்கு ஏற்பக் கணினியே விரிக்கும். விதி எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றுதான், கை வைத்து இடம் பொறுக்குவதில்லை. மார்பு எக்ஸ்ரேயிலும் விழித்திரைப் படத்திலும் இது பயன்படுகிறது. ஆனால் செய்து முடித்த பிறகு இந்த மூலையின் 150-ம் அந்த மூலையின் 150-ம் ஒன்றல்ல. ஒளியை ஒப்பிட்டு அளக்க அந்தப் படம் ஆகாது. பட விளக்கத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்.

மற்றது, ஒட்டுத் திருத்தம். ஆய்வாளர் ஓரிடத்தை வளைத்துத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கூட்டுவதோ குறைப்பதோ. இதற்குக் கெட்ட எண்ணம்கூட வேண்டாம். ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் இமேஜ்ஜே மென்பொருளில் ஓர் இடம் தேர்வாகி இருக்கும்போது காண்ட்ராஸ்ட் சாளரத்தில் 'அப்ளை' அழுத்தினால், தேர்ந்த இடத்தின் எண்கள் மட்டுமே மாறும். தேர்வை நீக்க மறந்தாலே போதும். புரதப் பட்டைகள் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படத்தில் இப்படி நடந்தால், ஒரு வரிசையில் மட்டும் மங்கலான பட்டை காணாமல் போகும். அது 'புரதம் இல்லை' என்ற முடிவாக வாசிக்கப்படும். பழைய ஸ்டூடியோக்களில் முகத்துக்கு 'டச்சிங்' செய்தார்களே, அதே வேலைதான். கல்யாணப் போட்டோவில் அது குற்றமில்லை, அளவீட்டில் குற்றம்.

ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை 2002 முதல் சோதித்துவரும் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழின் விதி இதைத்தான் சொல்கிறது: ஒளியையும் ஒளிமாறுபாட்டையும் மாற்றலாம், ஆனால் படம் முழுவதற்கும் மாற்ற வேண்டும், மூலத்தில் இருந்த எதுவும் மறையக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், சோதிப்பவர்கள் கையில் எடுப்பதும் இதே கருவியைத்தான். ஒளிமாறுபாட்டை ஏகத்துக்கும் கூட்டினால் ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரம் கோடாக எழுந்து நிற்கும்.

மங்கலான ஓர் இடத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால்? அதைத் தனிச் சிறுகட்டமாக, எல்லைக்கோட்டோடு பக்கத்தில் வைக்கலாம். பட விளக்கம் தமிழில் இப்படி இருக்கலாம்: "முதன்மைப் படம் முழுவதும் ஒளிமாறுபாடு ஒரே அளவில் கூட்டப்பட்டது. வலப்புறச் சிறுகட்டத்தில் மட்டும் தனியாகக் கூட்டப்பட்டது. இரண்டின் ஒளியை ஒப்பிட வேண்டாம்."