பெக்காரியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பெக்காரி: பெயர்ச்சொல். வட அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை வாழும், பன்றியைப் போன்ற குளம்புள்ள காட்டு விலங்கு.

அகராதிக்கு இது போதும். தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். 'அமெரிக்கக் காட்டுப்பன்றி' என்று போட்டுவிட்டுப் போகத்தான் கை வரும். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய விலங்கு அமெரிக்காவில் வேறொன்று இருக்கிறது. 1539-ல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி ஃபுளோரிடாவில் இறங்கியபோது உணவுக்காகப் பன்றிகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். அப்படி வந்து காட்டுக்குள் தப்பிப்போனவையும், பிற்காலத்தில் வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டவையும் கலந்து பெருகியவைதான் இன்று அங்கே வயல்களைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றிகள். டெக்சாஸில் அவையும் பெக்காரியும் ஒரே புதர்க்காட்டில் மேய்கின்றன. ஒன்று வந்தேறி, மற்றது மண்ணின் பிராணி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் குழம்பத்தான் செய்வார்.

சொல் எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவின் வடகரையில் பேசப்படும் கரீப் மொழிகளில் 'பகிரா' என்பது போன்ற ஒரு பெயர் உண்டு. ஐரோப்பியர் வாயில் புகுந்து பெக்காரி ஆனது அதுதான். பிரேசிலின் துப்பி மொழியில் இந்த இனத்துக்கு வேறு பெயர்கள். அதில் ஒன்றான 'தாயசு' என்பதிலிருந்துதான் விலங்கியலார் இந்தக் குடும்பத்துக்கே பெயர் எடுத்தார்கள். அரிசோனா, டெக்சாஸ் பக்கம் போனால் 'ஹாவெலீனா' என்பார்கள். கோரைப்பல் ஈட்டி போல இருப்பதால் ஈட்டியைக் குறிக்கும் 'ஜாவலின்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது, நம்ப வேண்டாம். ஸ்பானிய மொழியில் காட்டுப்பன்றி 'ஹபலீ'. அதன் மூலம் அரபு. 'மலைக்குரியது' என்று பொருள். ஆக, ஹாவெலீனாவை வேர் வரை தோண்டினால் நம் 'மலைப்பன்றி' மாதிரிதான் ஏதோ வருகிறது.

எனக்குப் பிடித்தது இதன் அறிவியல் பெயரில் உள்ள 'டைகாட்டைலிஸ்'. கிரேக்கத்தில் இரட்டைக் குழி என்று சொல்லலாம். வயிற்றில் ஒரு தொப்புள், முதுகில் இன்னொரு தொப்புள் என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. 16-ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியர், இந்த விலங்குக்குத் தொப்புள் முதுகில் இருப்பதாகவே எழுதி வைத்தார்கள். 1683-ல் லண்டனில் எட்வர்ட் டைசன் என்ற மருத்துவர் ஒன்றை அறுத்துப் பார்த்து, அது தொப்புள் அல்ல, வாசனைச் சுரப்பி என்று எழுதினார்.

வாலுக்குச் சற்று முன்னால், முதுகின் நடுவில், மயிருக்குள் மறைந்திருக்கிறது அந்தச் சுரப்பி. பயந்தாலோ சீறினாலோ பிடரி மயிர் சிலிர்க்கும். அப்போது சுரப்பி வெளியே தெரியும், நாற்றமும் கிளம்பும். பாறையிலும் அடிமரத்திலும் முதுகைத் தேய்த்து எல்லையைக் குறிக்கும். அதைவிடச் சுவையானது, கூட்டத்துக்குள் நடப்பது. இரண்டு பெக்காரிகள் ஒன்றின் தலை மற்றதன் பின்பக்கம் இருக்கும்படி ஒட்டி நின்று, ஒவ்வொன்றும் தன் கன்னத்தை மற்றதன் சுரப்பியில் தேய்த்துக்கொள்ளும். இப்படி மாறி மாறித் தேய்த்துக் கூட்டம் முழுக்க ஒரே வாடை ஏறிவிடும். கண்பார்வை மந்தமான பிராணிக்கு அதுதான் ரேஷன் கார்டு.

பன்றியிடமிருந்து வேறுபடுவது இது ஒன்றில் மட்டும் இல்லை. பன்றியின் மேல்கோரை வெளியே வளைந்து மேல்நோக்கிப் போகும். பெக்காரிக்கு நேராகக் கீழே இறங்கும். வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசித் தீட்டிக்கொண்டே இருக்கும். மிரண்டால் பற்களை மோதி 'டக் டக்' என்று ஒலி எழுப்பும். இரைப்பை பல அறைகளாகப் பிரிந்தது, ஆனால் அசைபோடாது. வால் பெயருக்குத்தான். பெக்காரி வகைகளில் ஒன்றான கழுத்துப்பட்டைப் பெக்காரிக்குப் பின்னங்காலில் விரல் மூன்றுதான், பன்றிக்கு நான்கு.

அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள சோனோரா பாலைவனத்தில் இதன் முக்கிய உணவு சப்பாத்திக்கள்ளி. முள்ளோடு கடித்து மெல்லும். தண்ணீரின் பெரும்பங்கும் அதிலிருந்தே கிடைத்துவிடும். கோடையில் உச்சிவெயில் நேரம் நிழலில் படுத்திருந்து, காலையிலும் அந்தியிலும் மேயும். குளிர் இரவில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுக்கும். மனிதர்களோடு உரசலும் உண்டு: 2023-ல் அரிசோனாவின் செடோனா அருகே ஒரு கோல்ஃப் மைதானத்தின் பச்சைப் புல்லை ஒரு கூட்டம் கிளறிப்போட்ட படங்கள் உலகம் சுற்றின. புழு தேடியிருக்கும், பாவம்.

சரி, தமிழ்ப் பெயர். மணத்தை வைத்து 'கத்தூரிப் பன்றி' எனலாம். ஆங்கிலத்திலும் அப்படி ஒரு பழைய பெயர் உண்டு. கத்தூரி மான், புனுகுப் பூனை என்று நமக்கும் அந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் கத்தூரி என்றதும் நறுமணம்தான் மனதில் வரும், இதுவோ மூக்கைப் பொத்த வைப்பது. 'பன்றி' என்ற சொல்லை ஒட்டவைப்பது குற்றமா என்றால், இல்லை. கொறிக்கும் இனத்தையே முள்ளம்பன்றி என்றவர்கள் நாம். இருந்தாலும், அந்த மண்ணின் மொழி கொடுத்த 'பெக்காரி'யையே எடுத்துக்கொள்வது நல்லது. 'பெக்கரி' என்று எழுதலாம்தான். பேக்கரி என்று படித்துவிடுவார்கள்.

அடைமொழிகளைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். கழுத்தில் வெளிர் வளையம் உள்ளது கழுத்துப்பட்டைப் பெக்காரி. மழைக்காட்டில் நூற்றுக்கும் மேலாகத் திரண்டு, கெட்டியான பனை இனக் கொட்டைகளைப் பல்லால் உடைத்துத் தின்பது வெள்ளுதட்டுப் பெக்காரி. மூன்றாவது சாக்கோ பெக்காரி. 1930-ல் புதைபடிவமாக மட்டும் விவரிக்கப்பட்டு, அழிந்த இனம் என்று எண்ணப்பட்டது. 1970-களில் பராகுவேயில் உயிரோடு இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது முன்பே தெரியும், 'தகுவா' என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

பெண்ணுக்கும் குட்டிக்கும் புதுச்சொல் தேட வேண்டாம். பன்றியின் பெண்ணைப் பிணவு என்றும் குட்டியைக் குருளை என்றும் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. இதற்கும் அப்படியே பொருந்தும். பெக்காரிப் பிணவு பெரும்பாலும் இரண்டு குருளைகள் ஈனும். பன்றி போலப் படுத்துப் பால் கொடுக்காது, நின்றபடியே கொடுக்கும். குருளைகள் பின்னாலிருந்து முட்டிக் குடிக்கும்.